பழைய டீசல் ஜீப்: வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய பராமரிப்பு

(காட்சி: வேப்பமர நிழலில் நிற்கும் ஜீப். பானட் திறந்திருக்கிறது. பக்கத்தில் சாக்குப்பையின் மேல் ஸ்பேனர்களும் கிரீஸ் கன்னும் இருக்கின்றன.)

வணக்கம். பென்னாகரம் வட்டத்தில் உள்ள எங்கள் வீட்டு வாசலிலிருந்து பேசுகிறேன். பின்னால் நிற்கும் டீசல் ஜீப்புக்கு முப்பது வயது கடந்துவிட்டது. மாந்தோப்புக்கு எரு ஏற்றிச் செல்லவும், புளி உலுக்கும் பருவத்தில் மூட்டைகளைக் கொண்டுவரவும், வத்தல்மலையிலோ சித்தேரியிலோ இருக்கும் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்வரவும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எங்களைப் போன்றவர்கள் இத்தகைய வண்டிகளை இன்னும் வைத்திருக்கிறோம்.

பழைய ஜீப்பை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் செலவைப் பெயின்ட்டுக்கும் பெரிய டயருக்கும் செய்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை என்ஜினின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டருக்கும், முன் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்கும் முதலில் ஒதுக்கினால், மலைப்பாதையின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு ஆள் தேடும் நிலை பெரும்பாலும் வராது என்பது என் அனுபவம். ஆகவே இந்த வீடியோவில் என்ஜினைப் பிரிக்கும் வேலை எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ஒரு துணையாளுடன், வாசலிலேயே முடிக்கக்கூடிய வேலைகளை மட்டுமே பார்க்கப்போகிறோம்.

இந்த வேலைகளை வீட்டில் செய்ய முடிவதற்குக் காரணம் வண்டியின் வடிவமைப்புதான். 1945-இல் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம், 1940-களின் இறுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பாகங்களாக இணைத்துத் தரத் தொடங்கியது. போர்க்களத்தில் சாதாரணச் சிப்பாயே பழுதுபார்க்க வேண்டும் என்பதற்காக உருவான அந்த அமைப்பு, பின்னால் வந்த டீசல் ஜீப்புகளிலும் பெருமளவு தொடர்ந்தது. கனமான அடிச்சட்டம் (சேஸிஸ்), முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டைகள், கியர் பாக்ஸுக்குப் பின்னால் என்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் தனி டிரான்ஸ்ஃபர் கேஸ் என எல்லாமே போல்ட்டில் நிற்பவை. கண்ணால் பார்த்து, கையால் ஆட்டிப் பார்த்துக் கண்டறியக்கூடியவை.

(காட்சி: ரேடியேட்டர் மூடி. அடுத்து, உட்புறம் வெள்ளைப் படிவம் படிந்த வெந்நீர் அண்டா.)

முதலில் தண்ணீர். எங்கள் பகுதி போர்வெல் தண்ணீரின் குணம் இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் இரண்டு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டது. ரேடியேட்டருக்குப் பகையாக இருப்பது ஃபுளோரைடு அன்று, அதே நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்புகள். வெந்நீர் அண்டாவின் அடியில் ஓடுபோலப் படிகிற அதே வெள்ளைப் படிவம், என்ஜினுக்குள் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்ப்பாதையிலும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. படிவம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சமவெளியில் சரியாக இருக்கும் என்ஜின் சூட்டுமானியின் முள், ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏறும்போது சிவப்பை நோக்கி நகர்வதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். அடியில் உள்ள குழாயைத் திறந்து பழைய நீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து, ஹோஸை வைத்துக் கீழிருந்து மேலாகத் தண்ணீரைச் செலுத்தினால் மேலிருந்து அடைத்திருக்கும் துகள்கள் வெளியேறும். தெளிந்த நீர் வரும்வரை இதைச் செய்யுங்கள். பிறகு நிரப்ப வேண்டியது, பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதியாகக் கலந்த கலவை. இந்த ஊரில் தண்ணீர் உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது கொதிநிலையை உயர்த்துகிறது. அதைவிட முக்கியமாக, உள்ளே துருப்பிடிப்பதைத் தடுக்கிறது. வடித்த பழைய கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவிடாதீர்கள். அது இனிப்பாக இருக்கும் கொடிய நஞ்சு. நாயோ ஆடோ நக்கினால் உயிர் பிழைப்பது அரிது.

(காட்சி: அடுப்பின் மேல் ஒரு பாத்திரம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடப்பட்ட தெர்மோஸ்டாட்.)

இங்கே ஒரு பழக்கத்தை எதிர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டி சூடானவுடன், என்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்கு நீர் போகாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ‘வெயில் ஊருக்கு இது வேண்டாம்’ என்று சொல்லும் பட்டறைகள் உள்ளன. தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் என்ஜின் தன் சரியான சூட்டை அடைய நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது; அதுவரை புகை மிகும், தேய்மானம் மிகும், டீசலும் வீணாகும். அது கெட்டிருக்கிறதா என்பதை நீங்களே சோதிக்கலாம். பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ படாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு வெப்பமானியுடன் தண்ணீரைச் சூடாக்குங்கள். அதன் விளிம்பிலேயே எந்தச் சூட்டில் திறக்க வேண்டும் என்று பொறித்திருப்பார்கள். பலவற்றில் 82 டிகிரி செல்சியஸ் என்று இருக்கும். அந்தச் சூட்டையொட்டி வால்வு மெல்ல விலகத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்கவில்லை என்றால் புதியது வாங்கிப் போடுங்கள். இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள்.

காற்று வடிகட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ஜீப்புகள் பலவற்றில் காகித ஃபில்டருக்குப் பதிலாக ஆயில் கிண்ணம் உள்ள வடிகட்டி இருக்கும். உள்ளே வரும் காற்று ஆயிலின் மேல் மோதித் திரும்பும்போது, செம்மண் புழுதி ஆயிலில் தங்கிவிடுகிறது. கிண்ணத்தின் அடியில் சேறு திரண்டிருந்தால் கழுவி, குறியிட்ட அளவுவரை மட்டுமே புது ஆயிலை ஊற்ற வேண்டும். கூடுதலாக ஊற்றினால் அந்த ஆயிலையே டீசல் என்ஜின் உறிஞ்சி எரித்து, சாவியை அணைத்தும் நிற்காமல் வேகமெடுத்துவிடும் ஆபத்து உண்டு.

(காட்சி: ஒரு பக்கம் உயர்த்தப்பட்ட முன் அச்சு. தடித்த பலகையின் மேல் ஜாக்கி, பக்கத்தில் ஸ்டாண்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கற்கள்.)

இனி வண்டியை உயர்த்தப் போகிறோம். தயவுசெய்து இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லாதீர்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் பிரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் ஒரே ஒரு டிரம்மில் இருக்கிறது. தரையில் நான்கு சக்கரமும் இருக்கும்வரை அது வண்டியை நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஒரு பின் சக்கரத்தை மட்டும் நீங்கள் தூக்கிவிட்டால், ஷாஃப்ட் அசையாமல் நிற்கும்போதும், அச்சின் நடுவில் இருந்து இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலின் வழியாக அந்தரத்தில் உள்ள சக்கரம் ஒரு திசையிலும் தரையில் உள்ள சக்கரம் எதிர்த் திசையிலும் சுழல முடியும். அதாவது கைப்பிரேக் போட்டிருந்தும் வண்டி ஜாக்கியிலிருந்து உருண்டு இறங்கிவிடும். எனவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கல் அணைக்க வேண்டும். மழை பெய்த செம்மண் தரையில் ஜாக்கி புதையும் என்பதால் தடித்த பலகை வைக்க வேண்டும். அச்சின் அடியில் ஸ்டாண்டு நிறுத்தாமல் எவரும் உள்ளே தலையை நீட்டக் கூடாது.

முன் சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுகிறேன்; ஆட்டம் இருக்கிறது. இது ஹப் பேரிங்கின் ஆட்டமா, சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் ஆட்டமா என்று பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. என் தங்கை மகன் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிறான். “மிதிச்சிட்டேன் மாமா” என்று குரல் வந்ததும் மீண்டும் ஆட்டிப் பார்க்கிறேன். ஆட்டம் மறைந்துவிட்டது, ஆகவே இது பேரிங். பிரேக் மிதித்த பிறகும் ஆட்டம் நீடித்திருந்தால் கிங் பின்னைச் சந்தேகிக்க வேண்டும். இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் ஸ்டியரிங் கம்பிகளின் முனையில் உள்ள பந்து மூட்டுகளிலிருந்து வருகிறது.

(காட்சி: உள்ளங்கையில் ஒரு கட்டிக் கிரீஸ். அதன் மேல் அழுத்தப்படும் பேரிங்.)

ஹப்பைக் கழற்றி, இரண்டு பேரிங்குகளையும் டீசலில் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உருளைகளின் மேல் நீலம் பாய்ந்திருந்தாலோ, நகம் தட்டுப்படும் அளவுக்குக் குழி இருந்தாலோ அதை மீண்டும் பூட்டக் கூடாது. நன்றாக இருப்பதற்குக் கிரீஸ் ஏற்றும் முறை இது: உள்ளங்கையில் கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதன் மேல் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். மறுபக்கத்தில் உருளைகளுக்கு இடையே கிரீஸ் புழுப்போல நெளிந்து வெளியே வரும்வரை ஒவ்வொரு பகுதியாகச் சுற்றி வர வேண்டும். மேலே பூசிவிட்டுப் பூட்டுவது பூட்டாததற்குச் சமம்.

பூட்டும்போது நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் தவறு நேர்கிறது. எனக்கும் நேர்ந்தது. ஆட்டமே இருக்கக் கூடாது என்று எண்ணி, முதல் முறை நட்டை முழு வலுவோடு இறுக்கிவிட்டேன். பாலக்கோட்டை அடைவதற்குள் கிரீஸ் கருகும் வாடை வந்தது. இறங்கி ஹப்பைத் தொட்டபோது கையை வைக்க முடியவில்லை. அன்று பேரிங்கோடு ஆயில் சீலும் போயிற்று. சரியான முறை, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை அது சுற்றத் தடுமாறும்வரை இறுக்கி, பிறகு ஏறத்தாழ ஆறில் ஒரு சுற்று தளர்த்துவது. உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். அதன் பின் பூட்டு வாஷரை வைத்து, வெளி நட்டை இறுக்கி, வாஷரின் விளிம்பை நட்டின் மேல் மடக்கிவிட வேண்டும். வெளி நட்டை இறுக்கும்போது உள் நட்டும் சேர்ந்து நகர்ந்திருக்கலாம். ஆகவே மீண்டும் ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும்.

ஹப் திறந்திருக்கும்போதே பிரேக்கையும் பார்த்துவிடலாம். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும் என்பதால் டிரம்மில் உள்ள தூசியை ஒருபோதும் வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்லத் தூக்கிப் பார்த்து, உள்ளே ஈரம் இருந்தால் ரப்பர் வாஷர்களை மாற்றுங்கள். பிரேக் ஆயிலைப் பொறுத்தவரை, அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதை மறக்கக் கூடாது. புதிய டாட் 3 வகை ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த எல்லை 140 டிகிரியாகக் குறைந்துவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி ஆயில் கொதித்தால், குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகி, பெடல் எதையும் பிடிக்காமல் தரையைத் தொடும். தொப்பூர் கணவாயில் இறங்கும் கனரக வண்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் பொருள் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றி, பெடலால் இயங்கும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கிக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள். இறக்கத்தில், எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

(காட்சி: வண்டியின் அடிப்பகுதி. டிரான்ஸ்ஃபர் கேஸும் இரண்டு ஷாஃப்ட்டுகளும்.)

முன் சக்கரங்களையும் இயக்கத்தில் சேர்க்கும் ஃபோர் வீல் லீவரை ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. தேவைப்படும் நாளில் அது அசையாது. மாதத்துக்கு ஒருமுறையாவது ஏரிக்கரையிலோ உழுத காட்டிலோ முன் ஹப்புகளை அச்சோடு பூட்டி, லீவரைப் போட்டுச் சிறிது தூரம் ஓட்டினால், முன் அச்சின் பற்களுக்கும் மூட்டுகளுக்கும் ஆயில் சென்று சேரும். இதைத் தார்ச்சாலையில் செய்யாதீர்கள். இந்த வண்டிகளில் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொள்கின்றன. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் செல்ல வேண்டியிருப்பதால், மண்ணில் என்றால் சக்கரம் சற்றே வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தாரில் அதற்கு வழியில்லாமல் முறுக்கம் முழுவதும் பற்களின் மேல் ஏறும்.

கியர் ஆயில் வாங்கும்போது டப்பாவில் உள்ள குறியைப் படியுங்கள். ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தரக்குறியீடு. டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தரம் பொருந்தும். கியர் பாக்ஸில் பித்தளை வளையங்கள் இருந்தால், ஜிஎல்-5-இல் மிகுதியாக உள்ள கந்தகச் சேர்மங்கள் அவற்றை அரிக்கக்கூடும்; அங்கே ஜிஎல்-4 தான் பாதுகாப்பு. கியர் பாக்ஸில் ஆயில் குறைந்து, டிரான்ஸ்ஃபர் கேஸில் அளவுக்கு மேல் ஏறியிருந்தால், ஆயில் தரையில் ஒழுகவில்லையே என்று குழம்ப வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் உள்ள சீலைக் கடந்து அது இடம் மாறியிருக்கிறது.

ஷாஃப்ட்டின் முனைகளில் உள்ள சிலுவை வடிவ மூட்டுகளான கிராஸ்களுக்குக் கிரீஸ் அடிக்கும்போது நான்கு மூடிகளிலிருந்தும் பழைய கறுத்த கிரீஸ் வெளியே வர வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்றில்தான் ஊசி உருளைகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஷாஃப்ட்டைக் கழற்ற நேர்ந்தால், கழற்றும் முன்பே இரு பாதிகளிலும் பெயின்ட்டால் ஒரே கோட்டில் குறி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் மாற்றிப் பூட்டினாலும் வண்டி முழுவதும் அதிரும்.

(காட்சி: மாலை வெளிச்சத்தில் சாலையோரம் நிற்கும் ஜீப். ஹப்பின் மேல் வைக்கப்படும் கை.)

வேலை முடிந்தபின் ஒரு பதினைந்து, இருபது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வண்டியை உருளவிட்டு நிறுத்துங்கள். இறங்கியவுடன் நான்கு ஹப்புகளையும் முதலில் புறங்கையால் நெருங்கிப் பார்த்து, பிறகு உள்ளங்கையால் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இளஞ்சூடு இருப்பது இயல்பு. நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், அந்தச் சக்கரத்தை மறுநாள் காலையிலேயே மீண்டும் தூக்கி, நட்டையும் பிரேக் லைனரின் இடைவெளியையும் பாருங்கள். அதுவரை வண்டியை மலைப்பக்கம் எடுத்துச் செல்ல வேண்டாம்.