ராக்கெட் கிளம்பாவிட்டால் லாக் ஃபைலைத் திறங்கள்

வணக்கம் நேயர்களே.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் ஆடுபவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். பச்சை நிறக் குட்டி மனிதர்களை ராக்கெட்டில் ஏற்றிச் சுற்றுப்பாதைக்கு அனுப்பும் விளையாட்டு. மெக்சிகோவின் ஸ்குவாட் நிறுவனம் 2011இல் முதன்முதலாக வெளியிட்டது. அதற்கு இத்தனை ஆண்டு ஆயுள் கொடுத்தவை ஆர்வலர்கள் எழுதிச் சேர்த்த மாட்கள், அதாவது கூடுதல் இணைப்புகள்தான். அதே மாட்கள்தான் ஒருநாள் லோடிங் திரையைப் பாதியில் நிறுத்தியும் வைக்கும். அல்லது எல்லாம் ஒழுங்காக ஏறும். ஏவுதளத்துக்குப் போனபின் ஒரு பட்டனும் வேலை செய்யாது.

உடனே பலரும் பார்ப்பது பதிப்பு எண்ணை. ‘என்னிடம் 1.12, இந்த மாட் 1.8க்கு எழுதியது, அதனால்தான் கெட்டுப்போனது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறான முடிவு.

மாட்களில் இரண்டு வகை உண்டு. எரிபொருள் தொட்டி, எஞ்சின் என்று புதுப் பாகங்களை மட்டும் தருபவை ஒரு வகை. அவற்றில் இருப்பது வெறும் எழுத்தாலான சிஎஃப்ஜி ஃபைல்களும் உருவ மாதிரிகளும்தான். பல பதிப்புகள் கடந்தும் அவை ஓடும். இன்னொரு வகையில் டிஎல்எல் ஃபைல், அதாவது தொகுக்கப்பட்ட நிரல் இருக்கும். ராக்கெட்டைத் தானாக ஓட்டும் மெக்ஜெப் போன்றவை இந்த வகை. விளையாட்டின் உள்ளே ஒரு ஃபங்ஷனின் பெயரோ வடிவமோ மாறினால்கூட இவை இடறிவிடும். 2019 அக்டோபரில் 1.8 வந்தபோது விளையாட்டுக்கு அடித்தளமாக இருந்து அதை இயக்கும் யூனிட்டி என்ற மென்பொருளே புதிதானது. ஏராளமான டிஎல்எல் மாட்களை மறுபடி தொகுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் அவ்வளவு பெரியவை அல்ல. எனவே 1.8க்கு எழுதியது 1.12இல் ஓட நிறைய வாய்ப்பு உண்டு, 1.7க்கு எழுதிய டிஎல்எல்லை நம்பி இறங்காதீர்கள். கோள்களையே மாற்றியமைக்கும் கோபர்னிகஸ் மட்டும் தனிச் சாதி. பதிப்பு பொருந்தாவிட்டால் ஓடவே மறுத்துவிடும். அது நல்ல குணம் என்றே நான் சொல்வேன். அரைகுறையாக ஓடி உங்கள் சேவ் ஃபைலை, அதாவது சேமித்துவைத்த ஆட்டத்தைக் கெடுப்பதைவிட ஓடாமல் நிற்பது மேல்.

சரி, குற்றவாளி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விளையாட்டின் முதன்மை ஃபோல்டரில் ‘கேஎஸ்பி டாட் லாக்’ என்றொரு ஃபைல் இருக்கும். விளையாட்டு தான் செய்வதையும் வரும் பிழைகளையும் குறித்துவைக்கும் பதிவேடு அது. விளையாட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது புதிதாக எழுதப்படும். ஆகவே, கோளாறு நடந்ததும், மறுபடி விளையாட்டைத் திறக்கும் முன், அதை நகலெடுத்து வையுங்கள். உள்ளே ‘நல் ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன்’ என்ற பிழைச் செய்தி ஆயிரக்கணக்கில் வந்திருக்கலாம். மலைக்க வேண்டாம். கடைசிப் பிழையைப் பார்ப்பதில் பயன் குறைவு. முதல் பிழையைத் தேடுங்கள். அதன் கீழேயே எந்த நிரலின் பெயர் வருகிறது என்று பாருங்கள். பின்னால் வரும் பிழைகளில் பெரும்பாலானவை அந்த ஒன்றின் எதிரொலி. தேவையான ஒரு அசெம்ப்ளி (இன்னொரு டிஎல்எல்) கிடைக்கவில்லை என்று லாக் சொன்னால், மாட் கெட்டுப்போகவில்லை. அது சார்ந்திருக்கும் இன்னொரு மாட் உங்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

லாக் எதையும் காட்டிக்கொடுக்கவில்லையா? பாதியாகப் பிரியுங்கள். மாட்கள் இருக்கும் கேம்டேட்டா ஃபோல்டரிலிருந்து பாதியை வெளியே எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் வெளியே எடுத்த பாதியில்தான் அது இருக்கிறது; நிற்காவிட்டால் உள்ளே இருக்கும் பாதியில். 64 மாட் இருந்தாலும் ஆறே சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். ஒன்றே ஒன்று: மாட்யூல் மேனேஜர் மாதிரி மற்றவை சார்ந்திருக்கும் மாட்களை வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் புதுக் கோளாறுகள் கிளம்பி உங்களைத் திசைதிருப்பும். இரண்டு மாட் சேர்ந்தால்தான் வரும் சண்டையும் உண்டு. அங்கே இந்த முறை கொஞ்சம் தடுமாறும்.

இந்தச் சோதனையைத் தொடங்கும் முன் சேவ்ஸ் ஃபோல்டரை வேறிடத்தில் நகலெடுத்தே ஆக வேண்டும். ஒரு மாட்டின் பாகம் காணாமல்போனால், அந்தப் பாகம் பொருத்திய கலத்தையே விளையாட்டு நீக்கிவிடும். பாதி மாட்களை எடுத்துவிட்டு, ஆசையாகக் கட்டிய விண்வெளி நிலையம் இருக்கும் சேவ் ஃபைலைத் திறந்தால் அது போயே போச்சு. சோதனைக்குப் புதிய சேவ் ஒன்றைத் தொடங்குங்கள்.

கையால் நிறுவுபவர்கள் செய்யும் சாதாரணத் தவறு ஒன்று. ஜிப்பைப் பிரித்தால் அதற்குள்ளேயே கேம்டேட்டா என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே கேம்டேட்டாவுக்குள் போட்டால் பாதை மாறிவிடும். நிரல் தன் படங்களைத் தேடி அலையும். சிகேஏஎன் என்ற நிர்வாகக் கருவி இந்தத் தொல்லையைப் பார்த்துக்கொள்ளும். சார்பு மாட்களையும் தானே கொண்டுவரும். எந்தெந்தப் பழைய பதிப்புகளைப் பொருந்துவதாக ஏற்கலாம் என்றும் அதில் குறித்துவைக்கலாம்.

ஸ்டீம் என்ற இணையக் கடையில் விளையாட்டை வாங்கியவர்களுக்கு: ஃபோல்டரை அப்படியே வேறிடத்தில் நகலெடுத்து, மாட்களை அந்த நகலில் சேருங்கள். நகல் ஸ்டீம் இல்லாமலே ஓடும். அசல் எதுவும் சேர்க்காமல் சுத்தமாக இருக்கும். கோளாறு விளையாட்டிலேயே இருக்கிறதா, மாட்களில் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் அசலைத் திறந்து பார்த்தால் போதும்.

நன்றி, வணக்கம்.