யார் கல் பட்டது?

வணக்கம். வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டுத் தலைப்பு கேட்டபோது "சிறுவர் உலகமும் கூட்டுக் குற்றமும்" என்று கொஞ்சம் கனமாகவே சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு இதை ஓணானிலிருந்துதான் ஆரம்பிக்கத் தெரியும்.

எங்கள் கரிசல் பக்கம் முழுப்பரீட்சை லீவு விட்டதும் பையன்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். தென்னை ஈர்க்கின் நுனியில் ஒரு சுருக்கு, டவுசர் பை நிறையக் கல். வேலியில் உட்கார்ந்திருக்கிற கரட்டோணானின் கழுத்தில் சுருக்கை மெல்ல நுழைத்து வெடுக்கென்று இழுப்பார்கள். தாத்தாவின் டப்பாவிலிருந்து சுட்டு வந்த மூக்குப்பொடியை அதன் வாயில் போடுவார்கள், அது கிறுகிறுத்துச் சுற்றும், "டேய், சாமியாடுதுடா" என்று ஒரே கும்மாளம். அப்புறம்தான் கல். பெண்பிள்ளைகளை இதில் சேர்க்க மாட்டார்கள், நாங்கள் தள்ளி நின்று பார்ப்போம். பார்ப்பவர்கள் இல்லாமல் அந்த ஆட்டம் அவ்வளவு நேரம் நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஏண்டா அடிக்கிறீங்க என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். ராமர் தாகத்தில் தண்ணீர் கேட்டாராம், அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். அது போதாதென்றால் இன்னொன்று: அது நம்மைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே ரத்தத்தை உறிஞ்சுகிறது, கழுத்து சிவக்கிறதே, பார்! உண்மையில் இணைசேரும் பருவத்தில் ஆண் ஓணானுக்குத் தலையும் கழுத்தும் சிவக்கும், தலையாட்டுவது பெண்ணைக் கூப்பிடவும் எதிரியை விரட்டவும். அது தின்பது பெரும்பாலும் பூச்சி. பாவம், ராமாயணம் அதற்கு எங்கே தெரியப் போகிறது?

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். முதலில் கதை வருகிறது, கல் பிறகுதான். பத்து வயதுப் பிள்ளைக்குச் சும்மா இருக்கிற ஒன்றை அடிக்க மனசு வராது, அது தப்பு செய்ததாக யாராவது சொல்ல வேண்டும். இரண்டாவது, எல்லோரும் எறிந்தே ஆக வேண்டும். எறியாதவனைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள், ஆனால் உள்ளே இருக்கிற பயம் வேறு: இவன் வீட்டில் போய்ச் சொல்லிவிடுவான். அவன் கையிலும் ஒரு கல்லைத் திணித்துவிட்டால் வாய் தானாக மூடிக்கொள்ளும். செத்தபிறகு யார் கல் பட்டது என்று யாருக்கும் தெரியாது, தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடே.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். வகுப்பறையிலும் இதே ஏற்பாட்டைத்தான் பார்த்தேன்.

ஆறாம் வகுப்பில் நடுவருஷத்தில் வெளியூரிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். ஒரு வாரத்தில் யாருடைய ஜாமெட்ரி பாக்ஸோ காணாமல் போனது. புதுசா வந்தவன்தான் என்றது கதை. மதியம் வேப்பமரத்தடியில் அவனுடைய எவர்சில்வர் சம்படத்தைப் பந்தாக்கி ஐந்து பேர் உதைத்துக்கொண்டிருந்தார்கள், சோறு மண்ணில் சிதறிக் கிடந்தது, சுற்றி நின்ற வகுப்பு கைதட்டிக்கொண்டிருந்தது. ஜாமெட்ரி பாக்ஸ் மறுநாள் தொலைத்தவன் வீட்டிலேயே கிடைத்தது. அதற்குப் பிறகாவது நிறுத்தினார்களா? இல்லை. வகுப்பே அவனோடு காய் விட்டது. தப்பு தங்கள்மேல் என்று தெரிந்ததும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பார்க்க முடியாததால் இன்னும் ஒதுக்கினார்கள். இந்தக் கணக்கு பெரியவர்களிடமும் உண்டு.

தலைமையாசிரியர் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். "யாருடா ஆரம்பிச்சது?" ஒரு பெயர் வந்தது, அவனுக்குப் பிரம்படி விழுந்தது, மற்ற நாலு பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. பிறகு எல்லோரும் சாரி சொல்லுங்கள் என்றார். வகுப்பு முழுக்க "சா...ரி..." என்று ராகம் போட்டது, காலையில் குட்மார்னிங் சொல்கிற அதே ராகம்.

கனடாவில் டொரண்டோ நகரப் பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பிள்ளைகளைக் கவனித்த ஓர் ஆய்வு 2001-ல் வெளிவந்தது. கொடுமை நடந்த 10 சம்பவங்களில் கிட்டத்தட்ட 9-ல் வேறு பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். யாராவது குறுக்கே புகுந்தது 100-க்கு 19 தடவைதான். ஆனால் அப்படிப் புகுந்தபோது பாதிக்கும் மேலான தடவை 10 விநாடிக்குள் எல்லாம் நின்றுபோனது. பத்தே விநாடி! அதற்கு 5 வருஷம் முன்பே பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்ற உளவியலாளர் ஒரு வகுப்பில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பிரித்துக் காட்டியிருந்தார்: அடிப்பவன், கூடமாட நிற்பவன், சிரித்து ஏற்றிவிடுபவன், நமக்கென்ன என்று நகர்பவன், தடுக்க வருபவன், நடுவில் மாட்டிக்கொண்டவன். அந்த நாட்டின் கிவா என்கிற பள்ளித் திட்டம் இதன்மேல்தான் நிற்கிறது, அடிக்கிறவனோடு சிரிக்கிறவனையும் கவனித்து மாற்றப் பார்க்கிறது.

நம் சட்டத்துக்கும் இது தெரியும். பொது எண்ணத்தோடு பலர் சேர்ந்து செய்த குற்றத்துக்கு, தானே தனியாகச் செய்ததுபோல ஒவ்வொருவரும் பொறுப்பு என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 34-வது பிரிவு, இப்போதைய நியாய சன்ஹிதாவில் 3(5). ஆறாம் வகுப்புக்குள் போலீஸைக் கூப்பிடச் சொல்லவில்லை. யார் ஆரம்பித்தது என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடலாம் என்கிறேன். நான் பிற்பாடு ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு "நீ அப்ப எங்க நின்ன?" என்று மட்டும் கேட்கப் பழகினேன். அடித்தவன் சீக்கிரம் சொல்லிவிடுவான். கைதட்டினவனுக்குத்தான் வார்த்தை வராது.

போன வருஷம் அந்தச் செட் பழைய மாணவர் சந்திப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பிரியாணி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் சம்படக் கதையை ஒருவர் எடுத்தார், சிரிப்பு வந்தது, நடுவில் நின்றுபோனது. "நான் உதைக்கல, மூடியை மட்டும்தான் எறிஞ்சேன்" என்றார், வழுக்கை விழுந்த ஒருவர், இத்தனை வருஷம் கழித்து! அவன் நம்பர் இருக்கா டீச்சர், எல்லாரும் சேர்ந்து வீடியோ கால் போட்டு சாரி சொல்லிடறோம் என்றார்கள். அந்தப் பையன் மறு வருஷமே டி.சி. வாங்கிப் போனவன், எனக்கு மட்டும் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான். நம்பர் தர மாட்டேன் என்றேன். சேர்ந்து சொல்வதானால் வேண்டாம், ஆளுக்கொரு கடிதம் எழுதித் தாருங்கள், வாங்கிக்கொள்ள அவனுக்கு இஷ்டமா என்று கேட்டு அனுப்பி வைக்கிறேன், இஷ்டமில்லை என்றால் அதையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். வழுக்கைக்காரர் மட்டும் எழுதித் தந்தார். மற்றவர்கள் இன்னும் குரூப்பில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், யார் முதலில் எழுதுவது என்று.