ஹாலோவீன் இரவுக்கு என்ன பாட்டு வைப்பது?

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

வேஷமிட்ட பிள்ளைகள் வீடு வீடாக வந்து மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் இரவு, அக்டோபர் 31, நெருங்குகிறது. பூசணிக்காய் வந்துவிட்டது, மிட்டாய் மூட்டை வந்துவிட்டது, பிள்ளைகளின் வேஷமும் தயார். பாட்டு மட்டும் பெரும்பாலான வீடுகளில் அன்று மாலை நாலு மணிக்குத்தான் நினைவுக்கு வரும். யாரோ எப்போதோ தொகுத்துவைத்த பட்டியல் ஒன்றைத் தேடி எடுத்து ஓடவிடுவோம். அரை மணி நேரத்தில் அது பல்லை இளித்துவிடும். ஒரு பாட்டு காதைக் கிழிக்கும், அடுத்தது காதிலேயே விழாது, மூன்றாவது ஏதோ காதல் பாட்டு. ஆடிக்கொண்டிருந்தவர்கள் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

இது ஏன் நடக்கிறது? அந்தப் பட்டியல்கள் தலைப்பைப் பார்த்துத் தொகுக்கப்பட்டவை. தலைப்பில் பேய் இருக்கிறதா, சூனியக்காரி இருக்கிறாளா, ரத்தம் இருக்கிறதா, எடுத்துப் போடு என்று சேர்த்தவை. கேட்பவரின் காது தலைப்பைப் படிப்பதில்லை. முதல் பத்து விநாடியில் வரும் ஒலியை வைத்தே அது பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுகிறது. ஆகவே பாட்டை அதன் ஒலியை வைத்துத் தேர்ந்தெடுங்கள். எந்த இடத்தில், யார் கேட்கப்போகிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளை எடுத்துக்கொள்வோம். ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ் 1956இல் பாடிய 'ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ'. அதில் பேயே கிடையாது. தன்னை விட்டு விலகும் காதலியை வசியம் வைத்தாவது நிறுத்தப் பார்க்கும் ஒருவனின் பாட்டு அது. ஆனால் அவர் உறுமுகிறார், முனகுகிறார், இடையில் வெடித்துச் சிரிக்கிறார். மேடையில் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து பாடியவர் அவர். அதே பாட்டை 1965இல் நினா சிமோன் பாடினார். சொற்கள் அதேதான். கேட்டால் நெஞ்சு கனக்கும், கிலி வராது. முதலாவதை ஹாலோவீனுக்கு வையுங்கள். இரண்டாவது மிக உயர்ந்த பாட்டு, அதை வேறோர் இரவில் தனியே உட்கார்ந்து கேளுங்கள். தேடிப் பார்த்தால் இரண்டும் அடுத்தடுத்துத்தான் வரும், பாடியவர் பெயரைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர், ரே பார்க்கர் ஜூனியரின் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்'. 1984ஆம் ஆண்டுப் பாட்டு. தலைப்பிலேயே பேய் இருக்கிறது. ஆனால் பேய்க்குப் பயப்பட மாட்டேன் என்று கும்மாளம் போடும் பாட்டு. வீட்டுக்குள் ஆட்டத்துக்கு அருமையானது. இருட்டு வாசலில் வைத்தால் இருட்டையே கலைத்துவிடும்.

சரி, ஒலியில் எது பயமுறுத்துகிறது? இதற்குப் பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் 1874இல் எழுதிய 'டான்ஸ் மக்காபர்' என்ற வாத்தியப் படைப்பைவிட நல்ல பாடம் இல்லை. சுமார் ஏழு நிமிடம். முதலில் ஹார்ப் ஒரே சுரத்தைப் பன்னிரண்டு முறை மீட்டுகிறது. நள்ளிரவு மணி அடிக்கிறது. பிறகு தனி வயலின் நுழைகிறது. வயலினின் மேல்ஸ்தாயித் தந்திகள் இரண்டும் நம் கணக்கில் ச (ஷட்ஜம்) – ப (பஞ்சமம்) என்று நிற்பவை, நம் வித்வான்களும் அப்படித்தான் சுருதி சேர்க்கிறார்கள். சான்-சான்ஸ் என்ன செய்தார் என்றால், அந்தப் பஞ்சமத் தந்தியை அரைச் சுரம் இறக்கச் சொல்லிவிட்டார். பஞ்சமம் போய் அந்த இடத்தில் பிரதி மத்யமம் உட்கார்ந்துவிடுகிறது. விரல் வைக்காமல் இரண்டு தந்திகளையும் ஒரே இழுப்பில் வில்லால் உரசுகிறார்கள். அந்த ஒரு உரசலில் முதுகுத்தண்டு சில்லிடும்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். பிரதி மத்யமம் கல்யாணி ராகத்திலும் இருக்கிறதே, கல்யாணி கேட்டு யார் பயந்தார்கள்? நியாயமான கேள்வி. கல்யாணியில் அந்த மத்யமம் பஞ்சமத்தை அண்டி நிற்கிறது, தாவிப் போய்ச் சேர வீடு இருக்கிறது. இங்கே பஞ்சமத் தந்தியையே இறக்கியாகிவிட்டது. ஷட்ஜமும் மத்யமமும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன, இறங்க இடமில்லை. அந்தத் தவிப்பைத்தான் காது கிலி என்று எடுத்துக்கொள்கிறது. பாட்டுத் தேடும்போது இதைக் கவனியுங்கள். முடியாமல் தொங்கும் சுரம் ஒன்று தொடக்கத்திலேயே கேட்டால் அந்தப் பாட்டு வேலை செய்யும்.

அதே படைப்பில் எலும்புக்கூடுகளின் கடகட ஓசைக்கு, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலஃபோன் வருகிறது. நூற்றிருபது ஆண்டு கழித்து, 1996இல் ஆண்ட்ரூ கோல்ட் சிறுவர்களுக்காகப் பாடிய 'ஸ்பூக்கி ஸ்கேரி ஸ்கெலட்டன்ஸ்' பாட்டிலும் எலும்புக்கு அதே வாத்தியம்தான். இரண்டையும் ஒரே பட்டியலில் சற்று இடைவெளி விட்டு வையுங்கள். பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

சுரம் போலவே தாளமும் பயமுறுத்தும். 1978இல் வந்த 'ஹாலோவீன்' படத்தின் பியானோ இசையை அதன் இயக்குநர் ஜான் கார்ப்பென்டரே அமைத்தார். அது ஐந்து எண்ணிக்கையில் ஓடுவது. மைக் ஓல்ட்ஃபீல்டின் 'ட்யூபுலர் பெல்ஸ்' தொடக்கம் பதினைந்து எண்ணிக்கை. அது 1973இல் வந்தது, அதே ஆண்டு 'எக்ஸார்சிஸ்ட்' படத்தில் சேர்ந்து பேயோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. நாலு நாலாக எண்ணிப் பழகிய காதுக்கு, ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று முன்பே வந்துவிட்டது போலவோ, ஒன்று குறைந்தது போலவோ இருக்கும். காத்திருக்க வைக்கும் இசை இது, இதற்கு யாரும் ஆட முடியாது. ஆட்டத்தின் நடுவே இதை நுழைத்தால் கூடம் காலியாகும். விருந்தாளிகள் வந்து கோட்டைக் கழற்றும் முதல் அரை மணி நேரம்தான் இதற்கு இடம்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். பட்டியல் ஒன்று போதாது. வாசலுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று.

வாசலில் ஒரு பிள்ளைக் கூட்டம் நிற்பது அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். எந்தப் பாட்டையும் அவர்கள் முழுதாகக் கேட்கப்போவதில்லை, ஏதோ ஒரு நடுப்பகுதியில் வந்து நிற்பார்கள். ஆகவே எங்கே வெட்டினாலும் திகில் ஒலிக்கும் பாட்டுகளே வாசலுக்குப் பொருந்தும். நார்வே இசையமைப்பாளர் க்ரீக் எழுதிய 'மலை அரசனின் மண்டபம்' எல்லாப் பட்டியலிலும் இருக்கும். இப்சனின் 'பேர் கிண்ட்' நாடகத்துக்காக எழுதப்பட்டு 1876இல் மேடையேறிய இசை. ஆழ்ந்த வாத்தியங்களில் பூனை நடையாகத் தொடங்கி, அதே மெட்டைத் திரும்பத் திரும்ப வேகமாகவும் உரக்கவும் வாசித்து இரண்டரை நிமிடத்தில் வெடிக்கும். வாசலில் முதல் ஒரு நிமிடம் தெரு இரைச்சலில் காணாமல் போகும். கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டுவீர்கள், கடைசி அரை நிமிடம் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிவிடும். அதைக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். வேகம் ஏற ஏற நாற்காலியைச் சுற்றி ஓடும் விளையாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இசை கிடையாது.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பெயரில் வழங்கும் டி மைனர் டொக்காட்டா, அந்தப் புகழ்பெற்ற ஆர்கன் இசை, வாசலுக்கு இன்னொரு விதத்தில் சிக்கல். (அதை பாக்தான் எழுதினாரா என்பதில் அறிஞர்களுக்குள் ஐயம் உண்டு. 1931இல் வந்த 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத் தொடக்கத்தில் ஒலித்ததிலிருந்து அது பேய்ப் படத்துச் சொத்தாகிவிட்டது.) தொடக்கத்தின் மேல்ஸ்தாயி வெட்டு நன்றாகக் கேட்கும். அடுத்துக் காலால் அழுத்தும் ஆழ்ந்த ஒலியில்தான் அதன் முழுப் பயமும் இருக்கிறது. உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கர் அந்த ஆழத்தை எட்டாது, வெறும் காற்று வரும். போதாக்குறைக்கு அதில் இடையிடையே நீண்ட மௌனம். ஸ்பீக்கர் நின்றுவிட்டதோ என்று நீங்களே இரண்டு முறை எழுந்து போய்ப் பார்ப்பீர்கள். பெரிய ஸ்பீக்கர் இருந்தால் வையுங்கள். சின்னது என்றால் வயலின் கீச்சு, மணி, பெண் குரல் ஆலாபனை, காற்றொலி இவையே போதும். சின்ன ஸ்பீக்கர் இவற்றைச் சிதைக்காது.

வாசல் பட்டியல் ஒன்றரை மணி நேரம் இருந்தால் நல்லது. வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் அவர்களுக்கு நாற்பது நிமிடமே போதும், ஆனால் மிட்டாய் கொடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நிற்கும் நம் காதுக்கும் இரக்கம் காட்ட வேண்டும். ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி, புதரின் பின்னால், தரையிலிருந்து சற்று உயரத்தில் வையுங்கள். சுவர் அடியொலியைக் கொஞ்சம் தூக்கித் தரும். மெழுகுவத்தி எரியும் பூசணிக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள், சூடும் ஈரமும் சேர்ந்து கருவியைக் கெடுத்துவிடும், ஒலியும் மூடிக்கொள்ளும். டொராண்டோ போன்ற ஊர்களில் அன்றைய குளிரில் பேட்டரி வழக்கத்தைவிட விரைவில் இறங்கும், மின்வயர் எட்டுமானால் செருகிவிடுங்கள். அளவுக்கு ஒரு சோதனை: வாசற்படியில் நிற்கும் குழந்தை "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று சொல்லக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் ஒலி அதிகம்.

கூடத்துப் பட்டியலுக்குக் கணக்கு எளிது. ஒரு பாட்டு சராசரி மூன்றரை நிமிடம் என்றால் மூன்று மணி நேரத்துக்கு 51 பாட்டு. பத்து கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காததைத் தாண்ட வேண்டிவரும். முதல் அரை மணி நேரத்துக்கு வாத்திய இசையும் மெதுவான பாட்டும். தமிழ் வீடு என்றால் 'யார் நீ' படத்தில் வேதா இசையில் பி. சுசீலா பாடிய 'நானே வருவேன்' இங்கே வரட்டும். 1966ஆம் ஆண்டுப் பாட்டு. வந்திருக்கும் பெரியவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார்கள், மொழி தெரியாத பிள்ளைகளுக்கும் அந்தக் குரலே போதும்.

பிறகு ஆட்டம். இங்கே வேகத்தைப் பாருங்கள். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' நிமிடத்துக்கு ஏறத்தாழ 118 தட்டு, 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' ஏறத்தாழ 115. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும், கால் தடுமாறாது. பத்துத் தட்டுக்கு மேல் ஏறியோ இறங்கியோ தாவினால் ஆடுகிறவர்களுக்கு அது தெரிந்துவிடும். ஸ்டீவி வொண்டரின் 'சூப்பர்ஸ்டிஷன்' கிட்டத்தட்ட 100, அதை ஆட்டத்தின் தொடக்கத்தில் வைத்து அங்கிருந்து ஏறிப் போகலாம்.

'த்ரில்லர்' பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1982 இசைத்தட்டில் உள்ள பதிவு ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதைத்தான் சேர்க்க வேண்டும். காணொளியின் ஒலி 13 நிமிடத்துக்கு மேல், அதில் வசனமும் நிறைய. இசைத்தட்டுப் பதிவு கதவு கிரீச்சிடுவதில் தொடங்குகிறது, காலடி, காற்று, ஓநாய் ஊளை, அதற்குப் பிறகே தாளம். முடிவில் திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸின் சிரிப்பு. செயலியில் பாட்டுகளை ஒன்றோடொன்று இழைக்கும் 'கிராஸ்ஃபேட்' வசதியைப் பத்துப் பன்னிரண்டு விநாடிக்கு வைத்திருந்தால் முன்னால் கதவும் போய்விடும், பின்னால் சிரிப்பும் போய்விடும். அந்தப் பாட்டில் திகில் அந்த இரண்டு முனைகளில்தான் இருக்கிறது. இரண்டு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள், சுழியம் இன்னும் நல்லது.

வேறு சில அமைப்புகளும் உண்டு. ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை இயக்குங்கள், 1950களின் பதிவுக்கும் இன்றைய பதிவுக்கும் உரப்பில் பெரிய வித்தியாசம். கலைத்துப் போடும் 'ஷஃபிள்' வேண்டாம், நீங்கள் அடுக்கிய வேக வரிசை பாழாகும். பட்டியல் முடிந்ததும் தானாக வேறு பாட்டுக்குத் தாவும் வசதியை அணையுங்கள். பாட்டுகளை முன்கூட்டியே தரவிறக்கி, போனை அழைப்பு வராத நிலையில் வையுங்கள். இலவசக் கணக்கில் விளம்பரம் குறுக்கே வரும். சங்கமோ மன்றமோ மண்டபம் எடுத்து நடத்துவதானால் தனிநபர் கணக்கு செல்லாது, மண்டபத்துக்கு இசை உரிமம் இருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேட்டுவிடுங்கள்.

சின்னக் குழந்தைகள் பற்றி. ஆறு வயதுக்குள் இருப்பவர்களை அழவைப்பது பெரும்பாலும் திடீரென்று வரும் உரத்த ஒலிதான். அலறல் மட்டும் ஒரு மணி நேரம் ஓடும் ஒலித்தட்டுகள் இருக்கின்றன, அவற்றைத் தொடவே வேண்டாம். மெதுவாக வளரும் திகிலைக் குழந்தை ரசிக்கும், தாக்கும் திகிலில் வீட்டுக்கு ஓடும். பாபி பிக்கெட்டின் 'மான்ஸ்டர் மேஷ்' அவர்களுக்கென்றே செய்தது போல் இருக்கும். 1962 அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு, அதையே பிபிசி அப்போது ஒலிபரப்ப மறுத்தது. சவப்பெட்டி திறக்கும் ஓசைக்குப் பலகையில் அறைந்த துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கினார்கள், கொப்பரை கொதிப்பதற்குத் தண்ணீரில் குழல் வைத்து ஊதினார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லி, ஒரு தம்ளர் தண்ணீரும் உறிஞ்சுகுழலும் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். செய்த பிறகு அந்தப் பாட்டை இன்னும் கூர்ந்து கேட்பார்கள்.

முதல் நாள் இரவே ஒரு முறை ஒத்திகை பாருங்கள். பாட்டை ஓடவிட்டு, தெருவில் நடைபாதையில் போய் நில்லுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் இருபது விநாடி. அங்கே என்ன கேட்கிறதோ அதுதான் பிள்ளைகளுக்குக் கேட்கப்போவது. கேட்காததை எடுத்துவிடுங்கள், எவ்வளவு பிடித்த பாட்டானாலும்.

மிட்டாய் தீர்ந்ததும் வாசல் விளக்கை அணைப்பார்கள், இனி வர வேண்டாம் என்பதற்கு அதுதான் அடையாளம். விளக்கை அணைக்கும் முன் பாட்டை நிறுத்துங்கள். இருட்டு வாசலில் இசை மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தால் அதுவும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று நினைத்துப் பிள்ளைகள் படியேறி வந்து கதவைத் தட்டுவார்கள், கொடுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.