கப்பலுக்கு வாக்குத்தத்தம் இல்லை

அன்பானவர்களே, புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். பாதுகாப்பு வசனமோ ஆசீர்வாத வசனமோ வந்தால் சந்தோஷமாக வீட்டுச் சுவரில் ஒட்டிவைக்கிறோம். "கப்பற்சேதமேயல்லாமல் உங்களில் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது" என்று ஒரு அட்டை யாருக்காவது வந்திருக்கிறதா? நான் பார்த்ததில்லை. ஆனால் அதுவும் வாக்குத்தத்தம்தான். அப்போஸ்தலர் 27:22.

சொன்னவர் பவுல். இராயனிடம், அதாவது ரோமப் பேரரசனிடம், நியாயம் கேட்டு அபயமிட்ட கைதி. யூலியு என்ற நூற்றுக்கு அதிபதியின் காவலில் ரோமுக்குப் போகிறார். கிரேத்தா தீவில் நல்ல துறைமுகம் என்ற இடத்துக்கு வந்தபோது யூதருடைய உபவாச நாளும் கடந்துவிட்டது, குளிர்காலம் நெருங்கிவிட்டது. அதற்குமேல் அந்தக் கடலில் போவது ஆபத்து. போகவேண்டாம் என்றார் பவுல். யூலியு மாலுமியையும் கப்பல் முதலாளியையும் நம்பினான். சரி, அதில் அவனைக் குறை சொல்வதற்கில்லை. கைதி பேச்சைக் கேட்டா கப்பல் ஓட்டுவார்கள்? ஆனால் அவர்கள் எடுத்த முடிவுக்குப் பவுலும் சேர்ந்து நனைந்தார். நம்மில் பலருடைய பாடுகளும் இப்படித்தான், வேறு யாரோ எடுத்த முடிவில் வந்தவை.

யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று பிடித்தது. கப்பல் பிளந்துபோகாமல் இருக்கக் கயிறுகளால் சுற்றிக் கட்டினார்கள். சரக்கை எறிந்தார்கள், மறுநாள் கப்பலின் தளவாடங்களையும் எறிந்தார்கள். பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. திசை பார்க்கும் கருவி இல்லாத காலத்தில் அதன் அர்த்தம் என்ன? எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. அந்த இரவுகளில் ஒன்றில்தான் தேவதூதன் வந்து, "பவுலே, பயப்படாதே" என்கிறான். இராயனுக்கு முன்பாக நீ நிற்கவேண்டும், உன்னோடு பயணம்பண்ணுகிற எல்லாரையும் தேவன் உனக்குத் தந்திருக்கிறார் என்கிறான். காற்று நிற்கும் என்று சொல்லவில்லை. அது நிற்கவும் இல்லை.

பதினாலாம் இரவு. ஆழம் பார்க்கும் கயிறாகிய விழுதை விட்டுப் பார்த்தார்கள்: 20 பாகம். கொஞ்சம் தள்ளி 15 பாகம். நம் மீனவர்கள் இன்றைக்கும் ஆழம் சொல்லுகிற அதே பாகம்தான். கரை நெருங்குகிறது, பாறையில் மோதுமோ என்று பயந்து பின்புறம் நாலு நங்கூரம் போட்டார்கள். அப்போது கப்பலாட்கள் நங்கூரம் போடுகிற சாக்கில் படகை இறக்கித் தப்பிக்கப் பார்த்தார்கள். பவுல் யூலியுவிடம், "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்கிறார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். எல்லாரும் பிழைப்பார்கள் என்று தேவன் சொல்லியாயிற்று. அப்புறம் கப்பலாட்கள் எதற்கு? பவுலுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. தேவன் காப்பாற்றுவார், அதற்குக் கப்பலாட்களும் வேண்டும். போர்ச்சேவகர் படகுக் கயிற்றை அறுத்தார்கள்.

விடியும் வேளையில் பவுல் அப்பம் எடுத்து, எல்லாருக்கும் முன்பாக ஸ்தோத்திரம் பண்ணிச் சாப்பிட்டார். கப்பலில் 276 பேர். அவர் சாப்பிட்டதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் தைரியமாகச் சாப்பிட்டார்கள். அங்கே அவர் நீண்ட பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. (நான்தான் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.)

கப்பல் தரைதட்டியது, பின்புறம் அலையில் உடைந்தது. கைதிகள் நீந்தி ஓடிவிடுவார்கள் என்று அவர்களைக் கொன்றுபோடச் சேவகர் யோசித்தார்கள். தடுத்தவன் யார்? முன்பு பவுலின் பேச்சைக் கேட்காத அதே யூலியு. நீந்தத் தெரிந்தவர்கள் குதித்தார்கள், மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டு மெலித்தா தீவில் கரையேறினார்கள். உடைந்த கப்பலின் துண்டுகளைப் பிடித்தே சிலர் பிழைத்தார்கள் என்கிறது வேதம்.

இதற்கு முன்பே மூன்று தரம் கப்பற்சேதத்தில் இருந்தவர் பவுல். கொரிந்தியருக்கு அப்படி எழுதியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து ரோமுக்குப் போக மறுபடியும் ஒரு கப்பல் கிடைத்தது. அதுவும் அலெக்சந்திரியாக் கப்பல்தான். பவுல் ஏறினார்.