கொடியின் வயது

நேயர்களுக்கு என் வணக்கம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வீட்டு முகப்புகளிலும் வண்டிகளின் பின்புறத்திலும் இன்றும் காணப்படும் ஒரு கொடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிவப்புத் துணியில் மூலைக்கு மூலை குறுக்காக ஓடும் இரண்டு நீலப் பட்டைகள், அவற்றின் மேல் 13 வெள்ளை நட்சத்திரங்கள். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காப்பதற்காகப் பிரிந்து சென்ற மாநிலங்களின் படைகள் ஏந்திய போர்க்கொடி அது. ‘எங்கள் மரபுச் சின்னம்’ என்கின்றனர் ஒரு சாரார்; ‘எங்கள் முன்னோரை விற்றும் வாங்கியும் வாழ்ந்தவர்களின் கொடி’ என்கின்றனர் கருப்பின மக்கள்.

மரபு என்று எவரேனும் சொன்னால், எப்போதிருந்து என்று கேட்பது என் நெடுநாள் பழக்கம். தென் கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவில், சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தில் இக்கொடி ஏறியது 1961-ஆம் ஆண்டில். போரின் நூற்றாண்டு விழாவுக்காக என்றனர். விழாக்காலம் முடிந்த பின்னும் கொடி இறங்கவில்லை. பள்ளிகளிலும் உணவகங்களிலும் நிலவிய இன ஒதுக்கலை எதிர்த்துக் கருப்பின இளைஞர்கள் போராடிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. மீண்டும் சொல்கிறேன்: 1865 அல்ல, 1961.

எதிர்ப்பு வலுக்கவே, 2000-ஆம் ஆண்டில் கொடியைக் குவிமாடத்திலிருந்து இறக்கி, அதே வளாகத்தில் போர்வீரர் நினைவுத்தூணருகே நட்டனர். இனி அதை அகற்றுவதற்குச் சட்டமன்றத்தில் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும் என்று விதியும் செய்தனர். கொடியேற்றும்போது கயிற்றை இழுத்திருக்கும் நேயர்களுக்குக் கம்பத்தின் உச்சியில் கப்பி ஒன்று உண்டு என்பது தெரியும். நினைவுத்தூணருகே நட்ட அந்தக் கம்பத்தில் கப்பியும் இருக்கவில்லை.

2015 ஜூன் 17 அன்று, அதே மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரின் இமானுவேல் தேவாலயத்தில் விவிலிய வகுப்புக்கு வந்திருந்த கருப்பின மக்களில் ஒன்பது பேரை வெள்ளை இனவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்றான். குவிமாடத்தின் மேலிருந்த தேசியக் கொடியும் மாநிலக் கொடியும் அரைக்கம்பத்துக்கு இறங்கின. போர்க்கொடி இறங்கவில்லை, சட்டமும் இடம் தரவில்லை, கம்பமும் இடம் தரவில்லை. கொலையுண்டவர்களுள் ஒருவரான போதகர் கிளெமென்டா பிங்க்னி, மாநில செனட் உறுப்பினரும் ஆவார். அவருடைய உடல் குதிரை வண்டியில் சட்டமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோதும் அந்தக் கொடி முழு உயரத்தில் பறந்தது. அஞ்சலி செலுத்த வருவோர் கண்ணில் அது படாதிருக்க, உள்ளே ஒரு சன்னலில் கருப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தனர். வெளியே மரபு என்று பறக்கவிட்டதை உள்ளே துணி போட்டு மறைக்க வேண்டியிருந்தது. இந்தச் சன்னலைப் பற்றி நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடுவதில்லை.

சில நாள்களில் பிரீ நியூசம் என்ற பெண், 30 அடிக் கம்பத்தில் ஏறி அக்கொடியைக் கழற்றினார். அவர் கைதானார், ஒரு மணி நேரத்துக்குள் கொடி மீண்டும் ஏறியது. பஞ்சாபிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த ஆளுநர் நிக்கி ஹேலி கையெழுத்திட்ட சட்டத்தின்படி, ஜூலை 10 அன்று அது இறக்கப்பட்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டது.

போரில் மடிந்தவர்களுள் ஓர் அடிமையைக்கூட வைத்திராத ஏழை உழவர்கள் பலர் என்பதை நான் மறுக்கவில்லை. தன் கொள்ளுப்பாட்டனின் கல்லறையில் பேரன் வைக்கும் கொடி வேறு. எல்லாரிடமும் வரி வாங்கும் அரசு தன் வாசலில் ஏற்றும் கொடி வேறு.

மிசிசிப்பியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலைய நண்பர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். பிரிந்து சென்றபோது, தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று எழுதியே அறிவித்த மாநிலம் அது. 1894 முதல் அதன் கொடியின் மூலையில் இந்தப் போர்க்கொடி இருந்தது. 2001 பொதுவாக்கெடுப்பில் மக்கள் அதை வைத்துக்கொண்டனர். 2020 ஜூனில் சட்டமன்றம் கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மக்னோலியா மலர் பொறித்த புதிய கொடிக்கு மக்கள் வாக்களித்தனர். வணக்கம்.