பிள்ளைகள் கதையில் சாவு வரலாமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சிறுவர் கதையில் துயரமும் வேண்டும் என்ற அணிக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார்: "அமெரிக்கச் சிறுவர் கதை எழுத்தாளர் கேத்தரின் பேட்டர்சன் புத்தகம் வாங்கினால் கூடவே ஒரு கைக்குட்டை இலவசமாகத் தர வேண்டும்!" நீங்களும் கைதட்டினீர்கள். சரி. அந்தக் கண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்டுவிட்டு மறுபடி தட்டுங்கள் பார்ப்போம்.

1974. அமெரிக்கா. பேட்டர்சனின் மகன் டேவிட்டின் உயிர்த்தோழி லிசா. எட்டு வயதுக் குழந்தை. கடற்கரைக்குப் போன இடத்தில் மின்னல் தாக்கிச் செத்துப்போகிறாள். அந்தப் பையனிடம் என்ன சொல்வீர்கள்? "சாமிகிட்ட போயிட்டா" என்பீர்கள். "ஏன் போனா?" என்று கேட்டால்? அந்தத் தாய் எழுத உட்கார்ந்தார். கதையில் தோழி சாகிற இடம் வந்ததும் எழுத்து நின்றுவிட்டது. தள்ளிப் போட்டார். அப்புறம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு முடித்தார். 1977இல் 'பிரிட்ஜ் டு டெராபிதியா' வெளிவந்தது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. மகனுக்காக எழுதிய புத்தகம் அது. மகன் படித்தான். "ஏம்மா இதை எழுதினாய்?" என்று சண்டை போட்டானா? இல்லை. சமர்ப்பணப் பக்கத்தில் லிசாவின் பெயரையும் போடச் சொன்னான். மறுபடியும் சொல்கிறேன். தோழியைப் பறிகொடுத்த பையன், தோழி சாகிற கதையைப் படித்து முடித்துவிட்டு, அவள் பெயரையும் போடச் சொல்கிறான்! தாய் போட்டார். இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் லிசா இருக்கிறாள். அண்ணே, அந்தப் பிள்ளை கேட்டது கைக்குட்டை இல்லை, அவளுடைய பெயர்!

சாவு வருகிறது என்று இந்தப் புத்தகத்தைப் பள்ளிகளை விட்டு எடுக்கச் சொன்னவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. 1978இல், சிறந்த சிறுவர் நூலுக்கு அமெரிக்காவில் தரும் நியூபெரி பதக்கம் வாங்கியதும் இதே புத்தகம்தான். வளர்ப்புப் பெற்றோரிடம் வீடு வீடாக மாற்றப்படும் பதினோரு வயதுக் கில்லியின் கதையையும் அவர்தான் எழுதினார். அதைச் சொல்ல நேரமில்லை, நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.

ஒன்றே ஒன்று. 'பிரிட்ஜ் டு டெராபிதியா' கதையின் நாயகன் ஜெஸ். தோழி லெஸ்லி இறந்த செய்தி வந்த மறுநாள், அவள் பரிசாகக் கொடுத்த வண்ணங்களை அவன் ஓடையில் வீசுகிறான். அவன் அப்பா பின்னாலேயே வருகிறார். வேலைக்கும் வீட்டுக்கும் அலைந்து களைத்த மனிதர். பெண் பிள்ளைகளைக் கொஞ்சுவார், இவனைக் கொஞ்சியதில்லை. அந்த மனிதர், ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பையனைக் கைக்குழந்தையைப் போல இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்.

இங்கே உட்கார்ந்திருக்கும் அப்பாக்களே, உங்கள் மகன் கடைசியாக எப்போது உங்கள் மடியில் உட்கார்ந்து அழுதான்? தாத்தா இறந்த அன்று பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அவன் யாரிடம் போய் அழுவான்? அவனோடு சேர்ந்து அழ ஒரு ஜெஸ்ஸாவது வேண்டாமா? நடுவர் அவர்களே, அந்த ஜெஸ்ஸை எங்கள் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.