துளசி என்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்

வணக்கம். மார்த்தாண்டத்தில் மழை ஓய்ந்ததும் நுண்ணோக்கியை மீண்டும் மேசைக்கு எடுத்து, பாதியில் நின்ற மகரந்த வேலையை நேற்று இரவு முடித்துவிட்டேன். எப்போது விடியும், எப்போது உங்களிடம் சொல்வேன் என்றுதான் காத்திருந்தேன்.

முற்றத்துத் துளசியில் தேனீக்கள் மொய்ப்பதைக் காட்டி, தேனீப் பெட்டி வாசலில் பிடித்த தேனீயின் காலில் இருந்த உருண்டையும் துளசி மகரந்தமே என்று போன காணொளியில் உறுதியாகச் சொல்லியிருந்தேன் அல்லவா, அது தவறு. 400 மடங்கு பெருக்கிப் பார்த்தபோது, அந்த உருண்டை முழுவதும் நான்கு நான்காக ஒட்டிய மிகச் சிறிய துகள்களே இருந்தன. நான்கும் சேர்ந்தே ஏறத்தாழ 10 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அது தொட்டாற்சுருங்கி, எங்கள் பக்கத்துப் பேச்சில் தொட்டாவாடி.

ஒப்பிடுவதற்காகத் துளசிப் பூவிலிருந்தே நேரடியாக எடுத்த தூளைப் பார்க்கத்தான் பெரும்பாடு பட்டேன். மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் பெட்டி ஒன்றை 90 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். ஈரக்காற்றில் நூறு கண்ணாடியும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன, பிரிக்க முயன்றதில் பதினொன்று உடைந்தன. அவ்வளவு மெல்லிய கண்ணாடியை வெறும் காகிதப் பெட்டியில் அடைத்து விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. கடைசியில் கட்டியை அப்படியே ஸ்பிரிட் ஊற்றிய தட்டில் போட்டு வைத்தேன். அரை மணி நேரத்தில் ஒவ்வொன்றாக நழுவிப் பிரிந்தன. மீதி எண்பத்தொன்பதும் முழுசாகக் கிடைத்தன!

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: தூளையும் முதலில் ஸ்பிரிட்டில் கழுவ வேண்டும். அதன்மேல் படிந்திருக்கும் எண்ணெய்ப் பசை போகாவிட்டால் மேற்பரப்பு துலங்காது. பிறகு, தூளைப் பதிக்கும் கிளிசரின் ஜெல்லி உறைவதற்குள் ஊசி முனையால் கவர் ஸ்லிப்பை மெல்லத் தட்டினேன். அதுவரை பக்கவாட்டில் படுத்து இரண்டு மூன்று பள்ளங்களையே காட்டிய துகள் உருண்டு, ஆறு சுளைகள் சேர்ந்த நாரத்தம் பழத்தைக் குறுக்கே அரிந்ததுபோல் நிமிர்ந்து நின்றது. ஆறு நீள்பள்ளங்கள், இடையில் வலைக்கண் பின்னியது போன்ற மேற்பரப்பு. நான் பார்த்த மகரந்தங்களிலேயே இதுதான் அழகு. வேம்பில் நான்கு பள்ளங்கள், முருங்கையில் மூன்று. இரண்டும் வழவழப்பானவை, இவ்வளவு மனத்தைப் பறிப்பதில்லை.

பூவில் தேனீ உட்கார்ந்ததைக் கண்டதும் மகரந்தத்துக்குப் பெயர் சூட்டுவது எனக்கு இனி அறவே பிடிக்காது. துளசியில் தேன் உறிஞ்சும் தேனீ மகரந்தத்தை வேறு செடியில் எடுக்கலாம். செம்பருத்தித் தூளோ 100 மைக்ரானைத் தாண்டும், உடம்பெல்லாம் முள். அதைக் கால்கூடையில், அதாவது பின்னங்காலில் மகரந்தம் சுமக்கும் இடத்தில், அடைப்பதே தேனீக்குக் கடினம்.

தேனில் உள்ள மகரந்தத்தை எண்ணி, அது எந்தப் பூவின் தேன் என்று சோதிப்பவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். தொட்டாவாடித் துகள் சிறியது, எண்ணிக்கையில் குவிந்துவிடும். அதற்காக அந்தத் தேன் தொட்டாவாடியிலிருந்து வந்தது என்று ஆகாது, தேனீக்கள் பெரும்பாலும் மகரந்தத்துக்காகவே அங்கே செல்கின்றன. எங்கள் ரப்பர் தேன் நேர் எதிர்: தளிர் இலைக் காம்பில் ஊறும் மதுவிலிருந்து அது வருவதால், தேனில் ரப்பர் மகரந்தம் அரிதாகவே தென்படும்.

தொட்டாவாடிப் பூ நண்பகலுக்குள் வாடிவிடும். ஆகவே நாளை காலை ஏழு மணிக்கு ஓர் உருண்டையும், மாலை நான்கு மணிக்கு இன்னொன்றும் அதே பெட்டி வாசலில் எடுக்கப் போகிறேன். பழைய கண்ணாடியில் ஒட்டியிருந்த ‘துளசி’ சீட்டை இப்போதே கிழித்துவிட்டேன்.